நாலு பேர் உபயம்

— இன்னமும் சுத்துதேய்யா அழகுமலை! நான் சோழவந்தான்ல பஸ் ஏறுறப்ப போன்ல சொன்னேன், நீ பட்டனைத் தட்டுன. இப்ப தல்லாகுளத்துக்கே வந்து, மாடியேறி, காப்பியும் குடிச்சாச்சு. கம்ப்யூட்டர்ல இந்த வட்டம் இன்னும் சுத்திக்கிட்டேதான் இருக்கு.

— வந்துரும் பேயாண்டி அண்ணே. அதாகப்பட்டது, நம்ம திருமணத் தகவல் நிலையத்துல எட்டாயிரம் ஜாதகம் கெடக்கு. அதுல உங்க மக ஜாதகத்தைத் தேடி எடுத்துக்கிட்டு வரணும்ல?

— ராகு கேதுப் பெயர்ச்சியே முடிஞ்சிரும் போலருக்கே. நாங் கேக்குறேன், நாளைக்குத் திருமங்கலம் மண்டபத்துல வரன் பாக்க அம்புட்டுச் சனமும் வருது. அவுகளை உக்கார வச்சு இந்த வட்டத்தைத்தான் காட்டப் போறியா? மாப்பிள்ளை வீட்டுக்காரன் சாப்புட்டுக் கையைக் கழுவிட்டுப் போயிக்கிட்டே இருப்பான்.

— சங்கச் செயலாளர்னு நான் ஒருத்தன் இருக்கேன்லண்ணே? சர்வர் மாட்டுன சத்யப்ரியாகிட்ட காலையிலயே சொல்லியாச்சு. அது பாத்துக்கிட்டிருக்கு.

— சரி, அதை விடு. சர்வர் வச்சிருக்குற கண்ணாடி அலமாரியில எம்பேரு மேலதான இருக்கு?

— நீங்களே பாருங்கண்ணே. "பேயாண்டி, வெற்றிலைக் கொடிக்கால் உரிமையாளர், சோழவந்தான், உபயம்". போட்டோவோட. மொதத் தட்டுல நீங்கதான். மத்தவுக எல்லாம் உங்களுக்குக் கீழ.

— தலைவர் சிவபாண்டி?

— கீழதாண்ணே. ரெண்டாவது செல்லக்கிளி டீச்சர், மூணாவது அவரு.

— ம். அடியில யாரு?

— சிங்கப்பூர் சின்னச்சாமி. அவரு இந்தப் பக்கம் வாரதே இல்லையே.

— ஸ்டிக்கரு என்னய்யா இம்புட்டு மொத்தமா இருக்கு? தொட்டா அட்டை மாதிரி இருக்கு.

— தொடாதீகண்ணே! ஒசத்தி ரகம். உங்களுக்குன்னு சொல்லிச் செஞ்சது... கொஞ்சம் பொறுங்க, அந்தப் புள்ளதான் கூப்புடுது. ஹலோ, சொல்லு தாயி. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். நம்ம பேயாண்டி அண்ணன் பக்கத்துலதான் இருக்காக.

— வணக்கம் பெரியப்பா. சார், நான் திருமங்கலம் மண்டபத்துல இருந்து பேசுறேன். இங்க நாளைக்கு வேண்டிய வயர் இழுத்துக்கிட்டிருக்கோம். லேப்டாப் வழியா நம்ம சர்வருக்குள்ள போய்ப் பாத்துட்டேன். ஏன் ஸ்லோவா இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு.

— கெட்டிக்காரி. என்னவாம்?

— சிவபாண்டி செத்துட்டாரு சார்.

— ஆத்தீ!

— எப்ப புள்ள? நாங் கேக்குறேன், காலையிலதான எல்லாருக்கும் ரோசாப்பூப் படம் போட்டு குட்மார்னிங் அனுப்புனாரு?

— ஐயோ, ஆளு இல்ல பெரியப்பா, டிஸ்க்கு! நாலு பேரும் ஆளுக்கொரு டிஸ்க்கு குடுத்தீங்கல்ல, அதுல தலைவர் குடுத்தது. நான் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னுதான் பேரு வச்சிருந்தேன். ஸ்கிரீன்லயும் உபயதாரர் பேருதான் வரணும்னு சங்கத்துல தீர்மானம் போட்டாங்க. சொன்னேனா இல்லையா சார், இது வம்புன்னு? இப்ப "சிவபாண்டி ஃபெயில்ட்"னு செவப்பு எழுத்துல நிக்குது.

— தாயி, தாயி. அந்த வார்த்தையை வாயில எடுக்காத. அடுத்த மாசம் சங்கத் தேர்தல் வருது. ஓய்வெடுக்குறாருன்னு சொல்லு.

— சரி சார். சித்திரைத் திருவிழா சமயத்துல ஓய்வெடுக்கப் போனவரு இன்னும் எந்திரிக்கல. இனிமே எந்திரிக்கவும் மாட்டாரு.

— ஹா! சிவபாண்டி குடுத்தது அம்புட்டுதான் ஒழைக்கும்னு எனக்கு அன்னைக்கே தெரியும். ஏய்யா அழகுமலை, சித்திரையில செத்தது இத்தன நாளா உனக்குத் தெரியலயா?

— பெரியப்பா, ஒவ்வொரு டிஸ்க்கு முன்னாலயும் ஒரு சின்ன லைட்டு இருக்கு. நல்லா இருந்தா பச்சை, போயிருச்சுன்னா செவப்பு. அந்த லைட்டு மேலதான் உபயம் ஸ்டிக்கர் இருக்கு.

— லைட்டு மேல ஏன்யா ஒட்ட வச்ச?

— நீங்கதாண்ணே சொன்னீக. மொதல்ல சின்னதா ஓரமா ஒட்டுற மாதிரிதான் அந்தப் புள்ள கொண்டாந்துச்சு. விபூதிப் பொட்டலம் அளவுக்கு இருக்குன்னு சண்டை போட்டுப் பெருசா அடிக்க வச்சீக. பேரு, ஊரு, தொழிலு, போட்டோ அம்புட்டும் வரணும்னா எங்கண்ணே எடம்?

— அது சரிதான். கோயில் டியூப்லைட்டுல பேரு எழுதுறோம்ல, வெளிச்சமா தெரியுது? பேருதான தெரியுது. ஒருத்தனும் கொறை சொன்னதில்ல.

— லைட்டு தெரியலன்னாலும் சத்தம் வந்திருக்கணுமே சார்? கீ கீன்னு விடாமக் கத்தியிருக்குமே?

— கத்துச்சு தாயி. அன்னைக்குன்னு பாத்து இங்க ரெண்டு வீட்டுக்காரவுக பேசிக்கிட்டிருந்தாக. நல்ல காரியம் பேசுறப்ப என்ன இப்படிக் கத்துதுன்னு மாப்பிள்ளையோட அம்மா எந்திரிச்சுட்டாக. ஒரு பட்டன் இருந்துச்சு, அமுக்குனேன். நின்னுருச்சு. கல்யாணமும் முடிவாயிருச்சு.

— மெயில் வந்திருக்குமே?

— மெயிலு தலைவருக்குத்தான் போகணும்னு தீர்மானம். அவரு மெயில் பாக்குறதில்லயே.

— அப்ப சிவபாண்டி செத்த சேதி சிவபாண்டிக்கே போயிருக்கு! இத நான் சாகுற வரைக்கும் சொல்லிச் சிரிப்பேன்யா.

— அண்ணே, மெதுவா. அவரு சாயங்காலம் இங்க வாராரு.

— வரட்டும். ஏ புள்ள, அது கெடக்கட்டும். ஒரு டிஸ்க்கு போனா அதுல உள்ளது போகும். மத்தது ஏன் மெதுவா ஓடணும்? என் டிஸ்க்கு என்ன பாவம் பண்ணுச்சு?

— கேளுங்க பெரியப்பா. நாலு டிஸ்க்கையும் ரெய்டு போட்டு வச்சிருக்கேன்.

— ரெய்டா?

— பயப்படாதீகண்ணே, வருமான வரிக்காரவுக இல்ல. அந்தப் பேரைக் கேட்டு நானும் மொதல்ல கொஞ்ச நாளு ஆபீஸ் பக்கமே தலை வச்சுப் படுக்கல. தலைவர் கொடைக்கானல் போயிட்டாரு.

— சாமி சப்பரம் தூக்குறோம்ல பெரியப்பா, அதுமாதிரி. நாலு மூலைக்கு நாலு பேரு...

— நாலு பேரு தூக்குறதா? நல்ல வாய் புள்ள உனக்கு. இப்பத்தான் ஒருத்தரைச் சாகடிச்ச.

— சப்பரம் பெரியப்பா, சப்பரம்! ஒரு ஜாதகம் வந்தா அதைத் துண்டு துண்டாக்கி நாலு டிஸ்க்குலயும் ஒரே நேரத்துல எழுதுது. படிக்கிறப்பவும் நாலுல இருந்தும் ஒரே நேரத்துல எடுக்குது. ஒத்த ஆளு தூக்குறதை விட நாலு பேரு தூக்குனா வேகம்தான? அதுல இன்னொரு சௌகரியம், ஒருத்தர் தோளை எடுத்துட்டாலும் சப்பரம் விழாது. மூணு பேரு தாங்கிக்குவாங்க. என்ன, தட்டுத் தடுமாறித்தான் போகும். இல்லாத ஆளு கையில என்ன இருந்துச்சுன்னு மத்த மூணு பேரும் ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக் கண்டுபுடிக்கணும். அதான் வட்டம் சுத்துது.

— ரெண்டாவது ஆளும் தோளை எடுத்துட்டா?

— சாமி தரையில பெரியப்பா. ஒரு ஜாதகம் கூட மிஞ்சாது.

— கேட்டியா அழகுமலை? சித்திரையில இருந்து சிவபாண்டி பாரத்தையும் சேத்து நாந்தான் சுமந்துக்கிட்டிருக்கேன்.

— நீங்க, செல்லக்கிளி டீச்சர், சிங்கப்பூர் சின்னச்சாமி மூணு பேரும் பெரியப்பா.

— அவுக கெடக்குறாக. நாளைக்கு மைக்குல இதைச் சொல்லணும்யா. "தலைவர் படுத்தாரு, பேயாண்டி தாங்குனாரு". நாங் கேக்குறேன் புள்ள, எம் மக ஜாதகம் என் டிஸ்க்குலதான இருக்கு?

— அப்படிச் சொல்ல முடியாது பெரியப்பா. உங்க நாலு பேரோடதையும் நாலு தனித்தனி நெலம்னு வைங்க. நான் வரப்பையெல்லாம் வெட்டி ஒரே நெலமாக்கிட்டேன்.

— வரப்பை வெட்டுனியா!

— ஐயோ...

— எவனைக் கேட்டு வெட்டுன? சிவபாண்டிக்கும் எனக்கும் எங்க தாத்தா காலத்துல இருந்து ஒரு சாண் வரப்புக்குக் கோர்ட்டுல கேசு நடக்குது. நீ பாட்டுக்கு வெட்டிப்புட்டு வந்து கதை சொல்ற?

— அண்ணே, அண்ணே. உதாரணத்துக்குச் சொல்லுது. நெசமாவே வெட்டல. தாயி, நீ வேற ஏதாச்சும் சொல்லேன். வெத்தலை, பாக்குன்னு.

— கேளுங்க பெரியப்பா. ஒண்ணாக்குன நெலத்துல தேவைக்குத் தகுந்த மாதிரி பாத்தி கட்டிக்கலாம். ஜாதகத்துக்கு ஒரு பாத்தி, போட்டோவுக்கு ஒரு பாத்தி. போட்டோ நெறைய வந்துச்சுன்னா அந்தப் பாத்தியை மட்டும் பெருசாக்கலாம். எதையும் இடிக்க வேண்டாம், சர்வரை நிறுத்தவும் வேண்டாம். இதுக்கு லாஜிக்கல் வால்யூம்னு பேரு. தனித்தனி நெலமா இருந்தா ஒருத்தர்ட்ட எடம் காலியாக் கெடக்கும், இன்னொருத்தர்ட்ட நெறஞ்சு வழியும்.

— அப்ப எம் மக ஜாதகத்துல ஒரு துண்டு சிவபாண்டி டிஸ்க்குல கெடந்துச்சு.

— ஆமா பெரியப்பா.

— எந்தத் துண்டு? ஏழாமிடமா?

— அப்படிக் கட்டம் பாத்து வெட்டாது பெரியப்பா.

— வேணும்னே ஏழாமிடமாத்தான் வாங்கி வச்சிருப்பான். அதான் எம் மகளுக்கு வந்த வரன் எல்லாம் தட்டிப் போகுது. பல் டாக்டருக்குப் படிச்ச புள்ளய்யா அது. படிப்பு இருக்கு, நெறம் இருக்கு, நாளைக்கு வாரது நல்ல எடம்னு வேற சொல்றாய்ங்க. இதுவும் தட்டிப் போச்சுன்னா அவ மூஞ்சியில நான் முழிக்க முடியாது. சரி, எனக்கு இந்தச் சாமி சப்பரமெல்லாம் வேண்டாம். நாளைக்கு எம் மக ஜாதகம் டக்குனு வரணும். அதுக்கு என்ன பண்ணணும்?

— போன டிஸ்க்கை எடுத்துட்டுப் புதுசு சொருகணும். மத்த மூணும் சேந்து அது மேல பழையபடி எழுதிக் குடுத்துரும். ஆனா அதுக்கு ராத்திரி வரைக்கும் ஆகும், அதனால இப்பவே ஆரம்பிக்கணும் சார். நான் போன தடவை வந்தப்ப ஒரு புது டிஸ்க்கை பீரோவுல வச்சுட்டு வந்தேன்ல?

— இருக்கு தாயி. பேயாண்டி அண்ணன்தான் அதையும் உபயமாக் குடுத்தாரு.

— ஆகா! அப்ப அது என் டிஸ்க்கு. எம்பேரு ரெண்டு எடத்துல வரும்.

— அண்ணே, தலைவர் பேரு இருந்த எடத்துல உங்க பேரை ஒட்டுனா சங்கமே ஒடைஞ்சு போகும்ணே.

— ஒடையட்டும். செத்தவன் எடத்துக்கு எவன் ஒழைக்கிறானோ அவன் பேரு வரட்டும்.

— அதாகப்பட்டது, இப்படிச் செய்வோம். டிஸ்க்கு உங்களோடது. ஸ்டிக்கரு தலைவரோடது. நாளைக்கு மைக்குல உங்க பேரை அவரு பேருக்கு முன்னாடி ஒருக்கா, பின்னாடி ஒருக்கா சொல்லிப்புடுறேன். மாலையும் உங்களுக்கு ரெண்டு.

— சம்பங்கி மாலையா?

— ரோசாப்பூ மாலைண்ணே.

— போகட்டும், விட்டுக் குடுக்குறேன்.

— சார், அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். பேக்கப் எடுக்குறதுக்குத் தனியா ஒரு டிஸ்க்கு வாங்கச் சொன்னேனே, வாங்குனீங்களா?

— தீர்மானம் போட்டாச்சு தாயி.

— வாங்கியாச்சா?

— உபயதாரர் கெடைக்கல. அது எப்பவும் பீரோவுக்குள்ளதான் கெடக்கும்னு நீயே சொல்லிட்ட. பூட்டி வைக்கிற பொருளுக்கு யாரு பேரு குடுப்பா? கண்ணாடி பீரோவா இருந்தா தாரேன்னு ஒருத்தர் சொன்னாரு.

— சார்! அப்ப இந்த மூணு டிஸ்க்கைத் தவிர வேற எங்கயுமே அந்த ஜாதகமெல்லாம் இல்லையா?

— பதறாத தாயி. மூணும் நல்லாத்தான இருக்கு.

— எப்படி சார் பதறாம இருக்குறது? சென்னையில பாத்த வேலையை விட்டுட்டு நானாக் கடை போட்டு எடுத்த மொத வேலை இது. இதைக் காட்டித்தான் மதுரையில நான் அடுத்த வேலை கேக்கணும். எட்டாயிரம் வீட்டு நல்லது கெட்டதைத் தொலைச்சவள்னு பேரு வந்துச்சுன்னா ஒருத்தர் வீட்டு ஃபேனைக் கூட என்னைய நம்பித் தொட விட மாட்டாங்க. இருங்க, இங்க வேலையைப் போட்டுட்டு நானே வந்துர்றேன்.

— நீ பஸ் புடிச்சு வந்து சேர்றதுக்குள்ள தலைவரே வந்துருவாரு தாயி. அவரு முன்னால அவரு டிஸ்க்கை எடுக்க முடியுமா? அப்புறம் மண்டபத்து வேலையை யாரு பாப்பா? நீ சொல்லு, நான் எடுக்குறேன். ஒரு தாழ்ப்பாளைத் தட்டி இழுக்குறதுதான?

— புள்ள சொல்றதக் கேளுய்யா. எம் மக ஜாதகமும் அதுக்குள்ளதான் இருக்கு.

— சரி சார். ஆனா எடுக்குறது தலைவர் டிஸ்க்காத்தான் இருக்கணும். மத்த மூணுல எதையாவது மாத்தி எடுத்துட்டோம்னா அதோட முடிஞ்சுது. ஸ்டிக்கரோட ஓரத்தை லேசா உரிச்சு, செவப்பு லைட்டு எரியுதான்னு பாத்துருங்க.

— உரிக்கிறதா? அது மட்டும் முடியாது தாயி.

— ஏன் சார்?

— தலைவர் மூஞ்சியை உரிச்சு வச்சிருக்கேன்னு சாயங்காலம் பாத்தாருன்னா என்ன ஆகும்? அதாகப்பட்டது, உரிச்சா கிழிஞ்சுரும். உள்ள... உள்ள பசை நெறைய இருக்கு.

— நாங் கேக்குறேன், பேருதான் கொட்டை எழுத்துல இருக்குல்ல புள்ள? எதுக்கு லைட்டு?

— அதுவும் சரிதான். மாட்டுன அன்னைக்கு ஸ்கிரீன்ல பேரைப் பாத்துப் பாத்து நானே என் கையால ஒட்டுனது. சார், அன்னைக்கு நான் கிளம்புறப்ப ஒண்ணு சொன்னேனா இல்லையா?

— சொன்ன தாயி. யாரு வந்தாலும் டிஸ்க்கை மட்டும் தொடவே கூடாதுன்ன. வேதவாக்கா எடுத்துக்கிட்டேன்... அட, இன்னொரு போன் வருது. செல்லக்கிளி டீச்சரு. கொஞ்சம் லைன்ல இரு தாயி. வணக்கம் டீச்சர்! ஆமா டீச்சர். நல்லா ஓடுது டீச்சர். உங்க பேரா? மேலதான் இருக்கு டீச்சர். எப்பவும் நீங்கதான் மேல. சத்தியமா. வைக்கிறேன் டீச்சர்.

— யோவ். என்னய்யா அந்தம்மா பேரு மேல இருக்குங்குற? எம்பேருல்ல மேல இருக்கு?

— சும்மா சொல்லி வச்சேண்ணே. நேருல வந்தா பாத்துக்கலாம். பெரியவுக மனசு நோகக் கூடாதுல்ல? தாயி, இருக்கியா?

— இருக்கேன் சார். அலமாரியைத் தொறங்க. சிவபாண்டின்னு போட்டிருக்குறது மேல விரலை வச்சு, அதைப் பக்கத்துல இருந்து ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. அவசரப்படாதீங்க.

— அனுப்பிட்டேன், வந்துச்சா?

— வந்துருச்சு. சிவபாண்டி, மாவட்டத் தலைவர், உபயம். மீசை முழுசாத் தெரியுது. பெரியப்பா, நீங்களும் ஒருக்கா பாத்துச் சொல்லுங்களேன்.

— சிவபாண்டியேதான். இந்த மூஞ்சியை நான் எங்க பாத்தாலும் கண்டுபுடிப்பேன்.

— சரி சார். எடுங்க.

— சூடத்தைக் கொளுத்திட்டு எடுக்கவா?

— கொளுத்தாதீங்க சார்! சும்மா எடுங்க.

— முருகா... தட்டிட்டேன். வருது, வருது. வந்துருச்சு! தலைவர் என் கையில இருக்காரு தாயி. கை கொதிக்குது பாத்துக்க. சித்திரையில போனவருக்கு இம்புட்டுச் சூடா?

— என்னது?

— என்ன என்னது?

— சூடா இருக்கா? போன டிஸ்க்கு சூடா இருக்காது சார்...

— ஏ புள்ள! வட்டம் நின்னுருச்சு! அழகுமலை, பாருய்யா, சுத்துறது நின்னுருச்சு. சரியாப் போச்சு!

— பெரியப்பா, சத்தம் போடாதீங்க. சார், இங்க பேயாண்டியைக் காணோம்னு வருது.

— நாங் கேக்குறேன், நான் இங்கதான குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன்?

— சார், கையில இருக்குறதைத் திருப்பி உள்ள சொருகுங்க. உடனே!

— சொருகிட்டேன் தாயி. ஏன், என்னாச்சு?

— ஏத்துக்கல சார். ஓடிக்கிட்டிருக்கும்போதே புடுங்கியாச்சு. சிவபாண்டி ஃபெயில்ட். பேயாண்டி ஃபெயில்ட். ஜாதகப் பாத்தியைத் தொறக்க முடியல... ஒண்ணுமே தொறக்கல சார்.

— புள்ள, நீ அழுவுறியா? எம் மக ஜாதகம் வந்துருச்சா இல்லையா, அதைச் சொல்லு.

— சாமி தரையில பெரியப்பா.

— அழகுமலை... என்னய்யா பண்ணுன?

— நான் என்னண்ணே பண்ணேன்? அந்தப் புள்ள சிவபாண்டியை எடுன்னுச்சு, சிவபாண்டியை எடுத்தேன். நீங்களும்தான் மூஞ்சியைப் பாத்துச் சரின்னீக.

— சார், நானே ஒட்டுன ஸ்டிக்கர். அது தப்பாகாது. உண்மையைச் சொல்லுங்க, நான் போனதுக்கு அப்புறம் டிஸ்க்கை எடுத்து யாராவது எடம் மாத்தி வச்சீங்களா?

— எங்காத்தா மேல சத்தியமா இல்ல தாயி! டிஸ்க்கைத் தொடாதன்னு நீ சொன்னதுல இருந்து அதுமேல என் நகம் கூடப் பட்டதில்ல. யாரு வாராகளோ அன்னைக்கு அவுக பேரு மேல தெரியணும்ல, அதுக்குப் பழசை உரிக்காம அது மேலயே புது ஸ்டிக்கரை ஒட்டுவேன், அம்புட்டுத்தான்.